விரித்த உள்ளங்கையும் மறைத்த கடவுச்சொல்லும்

சென்ற ஐப்பசியில் ஒருநாள் மாலை, கல்லூரி முடிந்து வீடு திரும்பும் வழியில், காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தை ஒட்டிய ஒரு தெருவில் பணம் எடுக்கும் எந்திரத்தின் முன் வரிசையில் நின்றிருந்தோம். நமக்கு முன்னால் நின்றவர் எழுபது வயதைக் கடந்த ஒரு நெசவாளர். அட்டையைச் செருகினார், எண்களை அழுத்தினார், எந்திரம் ஏற்கவில்லை. மறுபடியும் அழுத்தினார், அப்போதும் ஏற்கவில்லை. பிறகு நம் பக்கம் திரும்பினார்.

"தம்பி, எதை அழுத்தினேன்னே தெரியல. வெறும் பூச்சி பூச்சியா வருது. ரெண்டு தடவை தப்புன்னுடுச்சி. மூணாவதும் தப்பாப் போனா கார்டு நின்னுடும்பாங்க. நம்பரை நான் சொல்றேன், நீங்க அடிச்சிக் குடுங்க."

நாம் மறுமொழி கூறுமுன் நான்கு இலக்கங்களையும் உரக்கச் சொல்லிவிட்டார். வரிசையில் நின்ற ஐந்தாறு பேர் காதிலும் அது விழுந்திருக்கும்.

"ஐயா, நம்பரை இப்படிச் சத்தமாச் சொல்லக்கூடாதுங்க" என்றோம்.

"சொல்லாம எப்படித் தம்பி நீங்க அடிப்பீங்க?" என்றார்.

விடை இல்லாத கேள்வி அது. எண்ணை அழுத்திக் கொடுத்தோம், பணம் வந்தது. வீட்டார் துணையோடு எண்ணை உடனே மாற்றிவிடுங்கள் என்று சொன்னபோது, "மாத்தினாலும் அதையும் யாரோ ஒருத்தர்தானே அடிச்சிக் குடுக்கணும்?" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

பூச்சி என்று அவர் சொன்னது திரையில் வரிசையாகத் தோன்றும் நட்சத்திரக் குறிகளை. பிறர் பார்த்துவிடக் கூடாது என்பதற்காக வைக்கப்பட்ட திரை அது. ஆனால் அன்று அத்திரை மறைத்தது உரியவரின் கண்ணை மட்டுமே. தாம் அழுத்தியது இன்னதென்று தெரியாத காரணத்தால், தம் கமுக்கத்தை முன்பின் அறியாத ஒருவரிடம் அவரே ஒப்படைக்க நேர்ந்தது. காவலுக்கு நின்றவனே கதவைத் திறந்துவிட்ட கதைதான்.

எதைக் காட்டுவது, எதை மறைப்பது, யாருக்குக் காட்டி யாரிடம் மறைப்பது என்ற கேள்வி கணினியோடு பிறந்ததன்று. நம் ஊருக்குத் தெற்கே ஏறத்தாழ 30 கி.மீ. தொலைவில், ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னரே அதைச் சிந்தித்துக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். அங்கிருந்து தொடங்குவோம்.

உத்திரமேரூரில் ஒரு குடம்

உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயில் மண்டபச் சுவர்களில் முதலாம் பராந்தக சோழரின் 12, 14 ஆகிய ஆட்சியாண்டுகளைச் சேர்ந்த இரண்டு கல்வெட்டுகள் உள்ளன. அவை கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்தவை. 1898இல் படியெடுக்கப்பட்ட இக்கல்வெட்டுகளை அறிஞர் வெங்கய்யா உலகுக்கு அறிமுகப்படுத்தினார். பின்னர் நீலகண்ட சாஸ்திரியார் விரிவாக ஆராய்ந்தார். ஊர்ச்சபையின் வாரியங்களுக்கு உறுப்பினரைக் குடவோலை மூலம் தெரிந்தெடுக்கும் முறையை அவை கூறுகின்றன.

மேடைகளில் பேசுவோர் இதனை உலகின் முதல் மக்களாட்சி என்று சொல்லிக் கைதட்டல் பெறுவதுண்டு. அவ்வளவு தூரம் போக நமக்குத் துணிவில்லை. உத்திரமேரூர் ஒரு சதுர்வேதிமங்கலம். இறையிறுக்கும் நிலம் கால் வேலிக்கு மேல் உடையவராக, சொந்த மனையில் வீடு கட்டியவராக, 35 வயதுக்கு மேல் 70 வயதுக்குள் இருப்பவராக, மந்திர பிராமணம் அறிந்தவராக இருப்போரின் பெயரே பொதுவாகக் குடத்துக்குள் போக முடியும். பெண்களுக்கும் நிலமற்றோருக்கும் அதில் இடமில்லை. மேலும், அது விருப்ப வாக்கும் அன்று, திருவுளச் சீட்டு.

ஆயினும் அந்தச் சீட்டை எடுக்கும் முறையில் அவர்கள் காட்டிய எச்சரிக்கை நம்மை வியக்க வைக்கிறது. ஊரின் 30 குடும்புகளிலும் தகுதியுடையோர் பெயர்கள் தனித்தனி ஓலைகளில் எழுதப்படும். ஒவ்வொரு குடும்பின் ஓலைகளும் தனிக் கட்டாகக் கட்டப்பட்டு, குடும்பின் பெயர் எழுதிய வாயோலையோடு குடத்தில் இடப்படும். சிறியோர் முதல் பெரியோர் வரை மகாசபை கூடியிருக்க வேண்டும். ஊரில் உள்ள கோயில் நம்பிமார் ஒருவர் விடாமல் உள்மண்டபத்தில் அமர்ந்திருக்க வேண்டும். அவர்களில் மூத்தவர் எழுந்து, எல்லாரும் காணும்படி குடத்தை மேலே பார்த்து எடுத்துக்கொண்டு நிற்க வேண்டும். உள்ளே இருப்பது என்னவென்று அறியாத ஒரு பாலகன் ஒரு கட்டை எடுப்பான். அது வேறொரு வெறுங்குடத்தில் போட்டுக் குலைக்கப்படும். அதிலிருந்து அப்பாலகன் ஓர் ஓலையை எடுத்து மத்யஸ்தன் கையில் கொடுப்பான்.

இனிமேல்தான் நாம் கவனிக்க வேண்டிய இடம் வருகிறது. அந்த ஓலையை மத்யஸ்தன் எப்படி வாங்க வேண்டும் என்பதையும் கல்வெட்டு சொல்கிறது. ஐந்து விரல்களையும் அகல விரித்து, உள்ளங்கையில் ஏற்றுக்கொள்ள வேண்டும்! பிறகு அவன் அதை வாசிக்க வேண்டும். அவன் வாசித்ததை உள்மண்டபத்தில் இருக்கும் நம்பிமார் எல்லாரும் வாசிக்க வேண்டும். அதன் பின்னரே அப்பெயர் எழுதிக்கொள்ளப்படும்.

விரல்களை ஏன் விரிக்க வேண்டும் என்று கல்வெட்டு காரணம் கூறவில்லை. கூற வேண்டியதும் இல்லை. மூடிய கைக்குள் இன்னோர் ஓலை இருக்கலாம். விரித்த கையில் அதற்கு இடமில்லை. வாசிப்பவன் பெயரை மாற்றி வாசிக்கலாம். ஆகையால் அதே ஓலையை மற்றவர்களும் வாசிக்க வேண்டும். எடுப்பவனுக்கு உள்ளே இருப்பது தெரியக் கூடாது. எடுத்த பிறகு எல்லாருக்கும் தெரிய வேண்டும். மறைப்பு ஒரு கணத்துக்கு மட்டுமே. அது பாலகனின் கண்ணுக்கும் குடத்தின் வாய்க்கும் இடையே இருந்தால் போதும். அதற்கு முன்னும் பின்னும் எல்லாம் வெட்டவெளி.

கணக்கு விஷயத்திலும் இதே நோக்கைக் காண்கிறோம். ஒருவன் எழுதிய கணக்கை அவனே காட்ட வேண்டும். வேறொரு கணக்கன் புகுந்து அதை ஒடுக்கக் கூடாது என்று கல்வெட்டு விதிக்கிறது. இன்று கணினித் துறையினர் அடையாள உறுதி என்று பேசுவதற்கும் இதற்கும் அதிக தூரமில்லை. அவரவர் பொறுப்பு அவரவர் கையாலேயே நிறைவேற வேண்டும்.

பொறியும் துண்டும்

குடவோலையின் வேர் சங்க காலம் வரை செல்கிறது. அகநானூற்றின் 77ஆம் பாடலில் மருதன் இளநாகனார் ஓர் உவமை கூறுகிறார். போர்க்களத்தில் இறந்துபட்ட வீரரின் குடலைப் பருந்து இழுக்கும் காட்சிக்கு, கயிற்றால் பிணித்த குடத்தின் மேலிட்ட இலச்சினையை ஆராய்ந்து நீக்கி, உள்ளிருக்கும் ஓலைகளை அலுவலர் வெளியே எடுக்கும் காட்சியை ஒப்பிடுகிறார். கொடிய உவமைதான். ஆனால் நமக்கு வேண்டிய செய்தி அதில் இருக்கிறது. குடத்தைத் திறக்குமுன் பொறியைக் கண்ணால் பார்க்கிறார்கள். பொறி ஓலையைப் பிறரிடமிருந்து மறைக்கிறது. அதே பொறிதான், யாரும் இதுவரை திறக்கவில்லை என்பதை உரியவருக்குக் காட்டுகிறது. ஒரே பொருள் ஒருவருக்குத் திரையாகவும் மற்றொருவருக்குச் சாட்சியாகவும் விளங்குகிறது.

சிலப்பதிகாரத்தில் மாதவி கோவலனுக்கு அனுப்பிய ஓலையும் இத்தகையதே. சுருளை மூடிய மண்ணில் அவள் தன் கூந்தலால் ஒற்றி இலச்சினை இட்டிருந்தாள். கோசிகன் அதைக் கொண்டுவந்து கொடுத்தபோது, பிரிப்பதற்கு முன்னரே அது யாருடையது என்று அந்த மணத்தால் கோவலன் உணர்ந்தான். வழியில் வேறு யார் கையில் அது கிடைத்திருந்தாலும் வெறும் மண்ணாகத்தான் தோன்றியிருக்கும்.

அடுத்து, நம் வட்டாரத்து மாட்டுச் சந்தைகளில் நின்று பார்த்தவர்கள் நன்கு அறிந்த ஒரு காட்சியை நினைவுகூர்வோம். தரகர் தோளில் கிடக்கும் துண்டை எடுத்து விரிப்பார். வாங்குபவர் கையும் அவர் கையும் துண்டுக்குள் மறையும். வாய் ஊர்க்கதை பேசிக்கொண்டிருக்கும். துண்டுக்குள் விரல்கள் விலை பேசும். சுற்றி நிற்பவர் எத்தனை பேராயினும் விலை வெளியே வராது.

இது தமிழகத்துக்கு மட்டும் உரியதன்று. பதினேழாம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்த பிரெஞ்சு வணிகர் தவெர்னியே, வைரச் சுரங்கப் பகுதிகளில் வணிகர்கள் இடைக்கச்சைக்குள் கையை மறைத்துப் பேரம் முடித்ததை எழுதி வைத்திருக்கிறார். முழுக் கையையும் பற்றினால் 1000. ஐந்து விரல்களைப் பற்றினால் 500. ஒரு விரல் 100. அதில் பாதி 50. நுனிக் கணு 10. கூட்டம் கூடி நிற்கும் இடத்திலேயே, ஒரு சொல்லும் பேசாமல், ஒரே பொருள் பல முறை கைமாறும் என்று அவர் வியக்கிறார்.

துண்டு முறையின் நுட்பம் எங்கே இருக்கிறது? விலை பார்ப்போரின் கண்ணுக்கு மறைகிறது. ஆனால் பேசுகிற இருவருக்கும் ஐயத்துக்கு இடமின்றித் தெரிகிறது. கண்ணுக்கு மூடிய வழியைத் தொடுவுணர்வு திறந்துவிடுகிறது. 'எத்தனை விரலைப் பற்றினேன் என்று எனக்கே தெரியவில்லை' என்று எந்தத் தரகரும் சொன்னதில்லை.

சொல்லால் மறைப்பதும் நம் இலக்கணத்துக்குப் புதிதன்று. நன்னூலார் குழூஉக்குறி என்று தனியாக ஒரு வகை வகுத்தார். பொற்கொல்லர் பொன்னைப் பறி என்பர் என்ற எடுத்துக்காட்டை நம் மாணவர்கள் இன்றும் எழுதுகிறார்கள். அயலார் செவியில் விழுந்தாலும் பொருள் விளங்காது. குழுவினர்க்கு ஒரு சொல்லிலேயே விளங்கிவிடும்.

ஆக, நம் முன்னோர் கையாண்ட மறைப்புகள் எல்லாவற்றிலும் ஒரு பொதுத்தன்மை இருக்கிறது. பிறரிடமிருந்து மறைக்கும்போதே, உரியவருக்கு உறுதி கிடைக்கும் வழி ஒன்றை அவர்கள் விட்டு வைத்தார்கள். பின் கணினியின் கடவுச்சொல் மட்டும் ஏன் உரியவரிடமிருந்தே ஒளிந்துகொள்கிறது? இதற்கு விடை தேட 1960களுக்குச் செல்ல வேண்டும்.

தாளில் பிறந்த வழக்கம்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பெர்னாண்டோ கொர்பாட்டோவும் அவர்தம் குழுவினரும் ஒரே கணினியைப் பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் சி.டி.எஸ்.எஸ். என்ற அமைப்பை 1961இல் செய்து காட்டினர். பலர் பயன்படுத்தும்போது ஒருவரின் கோப்பை மற்றவர் தொடாமல் இருக்க வேண்டுமல்லவா? அதற்காகவே ஒவ்வொருவருக்கும் ஒரு கடவுச்சொல் கொடுத்தார்கள். இன்று நாம் அறிந்த பொருளில் கடவுச்சொல் கணினிக்குள் புகுந்த வரலாறு இதுவே.

அப்போது அவர்கள் முன் இருந்தது கண்ணாடித் திரையன்று; தட்டச்சுப்பொறி. அழுத்தும் ஒவ்வோர் எழுத்தும் தாளில் அச்சாகும். தாள் மேசையில் கிடக்கும். மாலையில் குப்பைத் தொட்டிக்குப் போகும். அதில் கடவுச்சொல்லும் அச்சாகிவிட்டால் தொட்டியைக் கிளறுகிற எவருக்கும் அது கிடைத்துவிடும். எனவே கடவுச்சொல்லை அடிக்கும் நேரத்தில் மட்டும் அச்சு நிறுத்தப்பட்டது. சில பொறிகளில் அச்சை நிறுத்த இயலவில்லை. அழுத்திய எழுத்தை அவை தாமே அச்சிட்டுவிடும். அவற்றுக்காக, பின்னர் வந்த மல்டிக்ஸ் போன்ற அமைப்புகளில் ஒரு தந்திரம் செய்தார்கள். கணினி முதலில் ஒரே இடத்தில் பல எழுத்துகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடித்துத் தாளில் கருந்திட்டு ஒன்றை உண்டாக்கும். பயனர் அத்திட்டின் மேலேயே தம் கடவுச்சொல்லை அடிப்பார்.

மறைத்ததற்கு அன்று தக்க காரணம் இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். தாளில் பதிந்தது அழியாது. ஆகவே பதியாமல் தடுத்தார்கள். ஆனால் அதே காலத்தில் கமுக்கம் வெளியேறிய வழிகள் எவை என்று பார்த்தால் வியப்பாக இருக்கும். 1962இல் ஆலன் ஷெர் என்ற ஆய்வு மாணவர், தமக்கு ஒதுக்கப்பட்ட கணினி நேரம் போதாமையால், கடவுச்சொற்கள் அடங்கிய கோப்பை அச்சிட்டுத் தருமாறு துளையட்டை மூலம் கணினியையே கேட்டார். அது அச்சிட்டுக் கொடுத்துவிட்டது! 1966இல் நிகழ்ந்ததோ இன்னும் வேடிக்கை. இரண்டு கோப்புகள் இடம் மாறிப்போயின. அன்றைய அறிவிப்பு வர வேண்டிய இடத்தில், உள்நுழைந்த ஒவ்வொருவர் முன்னும் அனைவரின் கடவுச்சொற்களும் அச்சாகி வந்து விழுந்தன. வாசலில் திரை கட்டியிருந்தார்கள். கொல்லைப்புறம் திறந்து கிடந்தது. இந்நிகழ்ச்சியை ராபர்ட் மோரிஸ், கென் தாம்சன் இருவரும் 1979இல் எழுதிய கட்டுரையில் நினைவுகூர்ந்தனர். கடவுச்சொல்லை உள்ளபடியே சேமிக்காமல், மீட்க முடியாதபடி உருமாற்றிச் சேமிக்க வேண்டும் என்ற கொள்கை வலுப்பெற்றது இத்தகைய பட்டறிவால்தான்.

பூச்சிகள் வந்த கதை

தாள் போய்க் கண்ணாடித் திரை வந்தது. திரையில் தோன்றியது அடுத்த கணம் அழியக்கூடியது. குப்பைத் தொட்டி அச்சம் நீங்கியது; தோளுக்குப் பின்னால் நிற்பவன் பார்ப்பான் என்ற அச்சம் மட்டும் எஞ்சியது. ஆயினும் பழைய வழக்கம் அப்படியே தொடர்ந்தது. யூனிக்ஸ் வழிவந்த அமைப்புகளில் கடவுச்சொல்லை அடித்தால் திரையில் எதுவுமே தோன்றாது. எழுத்துகளின் எண்ணிக்கைகூடப் பிறருக்குத் தெரியக் கூடாது என்பது அதன் கருத்து. புதிதாகப் பழகுவோர் விசைப்பலகை பழுதாகிவிட்டது என்று எண்ணி மயங்குவது இதனால்தான். சாளரங்கள் உடைய கணினிகளில் ஓர் எழுத்துக்கு ஒரு நட்சத்திரமோ கரும்புள்ளியோ காட்டும் வழக்கம் பரவியது. விசை அழுந்தியது என்ற அளவில் அது ஓர் உறுதி. எந்த விசை என்று மட்டும் சொல்லாது.

இந்த அரைகுறை உறுதியைக் கொடுப்பதிலும் ஆபத்து இருந்தது. லினக்ஸ் கணினிகளில் மேலாளர் உரிமை தரும் சூடோ என்ற நிரலில், விரும்பினால் நட்சத்திரங்களைக் காட்டும் வசதி உண்டு. அந்த நட்சத்திரங்களை எழுதி அழிக்கும் நிரற்பகுதியிலேயே ஒரு பிழை பல ஆண்டுகள் ஒளிந்திருந்து 2020 சனவரியில் வெளியானது. அவ்வசதி இயக்கப்பட்டிருந்த கணினிகளில், கடவுச்சொல் அறியாதவரும் அப்பிழையைக் கொண்டு மேலாளர் உரிமையைக் கைப்பற்ற இடமிருந்தது.

எதையும் காட்டாமல் விட்டால் மட்டும் முழுக் காவல் கிடைத்துவிடுமா? அதுவும் இல்லை. விசைகளை அழுத்தும் கால இடைவெளியைக் கொண்டே கடவுச்சொல்லைப் பற்றி ஓரளவு ஊகிக்க முடியும் என்று கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2001இல் காட்டினார்கள். தறியின் ஓசையைக் கேட்டே உள்ளே இருப்பவர் யார் என்று அடுத்த வீட்டுக்காரர் சொல்லிவிடுவதைப் போன்றது இது.

2009 சூனில், கணினிப் பயன்பாட்டு வல்லுநர் யாகோப் நீல்சன் கடவுச்சொல்லை மறைப்பதை நிறுத்துங்கள் என்று வெளிப்படையாகவே எழுதினார். அவர் வாதம் எளியது. தாம் அடிப்பதைக் காண முடியாதவர் மிகுதியாகப் பிழை செய்வார். பிழைக்கு அஞ்சி மிக எளிய கடவுச்சொல்லைத் தேர்வார். பெரும்பாலும் அவர் பின்னால் ஒருவரும் நிற்பதே இல்லை. பாதுகாப்பு அறிஞர் புரூஸ் ஷ்னையர் முதலில் இதை வரவேற்றார். எதிர்வாதங்களைப் படித்தபின், சில நாட்களிலேயே தம் கருத்தைத் திருத்திக்கொண்டார். வகுப்பறையில் பெருந்திரையில் கணினியைக் காட்டிப் பாடம் நடத்தும் நம் போன்றோரும் அந்த எதிர்வாதத்தின் நியாயத்தை உணர்வோம். அறுபது மாணவர் முன்னிலையில் கடவுச்சொல் விரிந்தால் என்ன ஆகும்?

இறுதியில் இரு தரப்புக்கும் நடுவே ஒரு வழி உருவாயிற்று. கைப்பேசிகள் கடைசியாக அழுத்திய எழுத்தை மட்டும் ஓரிரு நொடி காட்டி மறைக்கத் தொடங்கின. கடவுச்சொல் பெட்டியின் ஓரத்தில் சிறு கண் படம் ஒன்று வந்து அமர்ந்தது. தொட்டால் எழுத்துகள் தெரியும். அமெரிக்க அரசின் தர நிறுவனமான நிஸ்ட் 2017இல் வெளியிட்ட நெறிமுறைகளும், விரும்புவோர் தாம் அடிப்பதைக் காண வழி செய்ய வேண்டும் என்று பரிந்துரைத்தன. மறைப்பதா காட்டுவதா என்று தீர்மானிப்பவர், அந்த இடத்தையும் சூழலையும் அறிந்த உரியவரே என்பது இதன் சாரம். துண்டை எப்போது விரிப்பது என்று தரகருக்குத் தெரியாதா?

இடையே தமிழாசிரியர் என்ற முறையில் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். தமிழில் கடவுச்சொல் அமைத்தால் இந்தப் புள்ளிகள் இன்னும் குழப்பும். 'கொ' என்பது நமக்கு ஓர் எழுத்து. ஒருங்குறியிலோ அது ககரமும் உயிர்க்குறியும் சேர்ந்த இரண்டு குறியீடுகள். நாம் எண்ணும் எழுத்தும் கணினி எண்ணும் எழுத்தும் ஒன்றல்ல என்னும்போது, புள்ளிகளை எண்ணிச் சரிபார்க்கலாம் என்ற சிறு ஆறுதலும் போய்விடுகிறது.

ஏழு நொடி

உத்திரமேரூர்க் குடத்துக்கு மீண்டும் வருவோம். விடுதலைக்குப் பின் 1951-52இல் நடந்த முதல் பொதுத்தேர்தலில் ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனிப் பெட்டி வைத்து, அதன்மேல் சின்னத்தை ஒட்டியிருந்தார்கள். எழுத்தறியாதவரும் தம் வாக்கு எந்தப் பெட்டிக்குள் விழுந்தது என்பதைத் தம் கண்ணாலேயே கண்டார்; வெளியில் இருந்தவருக்குத் தெரியவில்லை. பிற்காலத்தில் மின்னணு எந்திரம் வந்தபோது விளக்கு எரிந்தது, ஓசை கேட்டது. உள்ளே எது பதிந்தது என்பது மட்டும் காணாப் பொருளாயிற்று. வாக்காளர் சரிபார்க்கும் தாள்சான்று இன்றியமையாதது என்று 2013 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் கூறியது. அதற்கு முந்தைய மாதமே நாகாலாந்தின் நோக்சென் தொகுதி இடைத்தேர்தலில் அத்தகைய எந்திரம் முதன்முறையாகப் பயன்பட்டிருந்தது. 2019 மக்களவைத் தேர்தலில் நாட்டின் எல்லா வாக்குச்சாவடிகளிலும் அது இடம்பெற்றது.

அந்த எந்திரத்தின் கண்ணாடிக்குப் பின்னே வேட்பாளரின் வரிசை எண், பெயர், சின்னம் ஆகியவை அச்சிட்ட சீட்டு ஏழு நொடி தெரியும். பிறகு தானே அறுந்து பெட்டிக்குள் விழும். மறைப்புக்குள் நிற்கும் வாக்காளர் ஒருவர் மட்டுமே அதைக் காண்பார். இதுவும் முழுமையான விடை என்று எல்லாரும் ஏற்றுவிடவில்லை. அச்சீட்டுகள் அனைத்தையும் எண்ண வேண்டும் என்ற கோரிக்கை உச்ச நீதிமன்றம் வரை சென்று 2024 ஏப்ரலில் மறுக்கப்பட்டது. ஆனால் அந்த ஏழு நொடியின் அடிப்படை நமக்குப் புரிகிறது. உரியவர் காண வேண்டும், பிறர் காணக் கூடாது. உத்திரமேரூரில் பெயர் ஊருக்கே உரியது. ஆகவே ஊரே கண்டது. இங்கே தேர்வு ஒருவருக்கே உரியது. ஆகவே அவர் மட்டும் காண்கிறார். இரண்டிலும் கை விரிந்தே இருக்கிறது.

தறியின் முன்

அந்த முதியவரை இரண்டு வாரம் கழித்து அவர் வீட்டிலேயே பார்த்தோம். குழித்தறியில் அமர்ந்திருந்தார். கோர்வைச் சேலை. உடலுக்கு ஒரு நாடா, கரைக்கு வேறு நாடா. பக்கத்தில் அவர் மனைவி துணைக்கு இருந்தார். பாவில் ஓர் இழை அறுந்தபோது, நாம் குனிந்து தேடியும் நம் கண்ணுக்குப் படவில்லை. அவர் விரல் நேராக அங்கே போய் நின்றது.

"கண்ணு தெரியலன்னு சொன்னீங்களே ஐயா?" என்று கேட்டோம்.

"இது விரலுக்குத் தெரியும் தம்பி. தப்புப் போட்டா அடுத்த ஊடையிலேயே துணி காட்டிக் குடுத்துடும். அந்தப் பொட்டி ஒண்ணும் காட்ட மாட்டேங்குதே" என்றார்.

அறுபது ஆண்டுகளாக, ஒவ்வோர் ஊடைக்கும் மறுமொழி சொல்லும் ஒரு கருவியின் முன் அமர்ந்திருந்தவர் அவர். மறுமொழியே சொல்லாத ஒரு பெட்டியின் முன் நிறுத்தப்பட்டபோது தடுமாறினார். அதை அவருடைய அறியாமை என்று நாம் சொல்வோமானால் பிழை நம்முடையது.

கைப்பேசியில் பணம் அனுப்ப அவருடைய பேத்தி கற்றுக்கொடுத்திருக்கிறாள். எண்ணை இடும் கட்டத்தின் அருகே இருக்கும் கண் படத்தை அவருக்குக் காட்டினோம். வீட்டில் தனியாக இருக்கும்போது அதைத் தொட்டு, எண் சரிதானா என்று பார்த்துக்கொள்ளலாம். கடைத்தெருவில் தொட வேண்டாம் என்றோம். தொட்டுப் பார்த்தார். நான்கு இலக்கங்களும் பெரிதாகத் தெரிந்தன. சட்டென்று இன்னொரு கையால் திரையை மறைத்துக்கொண்டு நம்மைப் பார்த்தார்.

"நீங்க பாத்துட்டீங்களா தம்பி?"

இல்லை என்றோம். அன்று தெருவில் ஆறு பேர் கேட்க உரக்கச் சொன்ன அதே மனிதர்தாம். தம் எண்ணைத் தாமே காண முடிந்த உடனே, அதை மறைக்க வேண்டும் என்பது அவருக்கு யாரும் சொல்லாமலே தெரிந்துவிட்டது.

உத்திரமேரூர் வழியாகச் செல்லும் அன்பர்கள், வைகுந்தப் பெருமாள் கோயில் மண்டபத்துக்கு ஒரு முறை சென்று, ஐந்து விரலை விரிக்கச் சொன்ன அந்த எழுத்துகளுக்கு முன் சற்று நேரம் நின்று வாருங்கள்.